எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்பதை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேர்வு நெருங்கினால் போதும், உங்கள் நாளிதழிலும் சரி மற்றவற்றிலும் சரி, அதிகாலையில் எழு, செல்போனைத் தள்ளி வை, அட்டவணை போட்டுப் படி என்று அறிவுரைகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. தப்பில்லை. ஆனால் இதெல்லாம் படிக்காத பிள்ளைக்குச் சொல்வது. நாள் முழுக்கப் புத்தகமும் கையுமாக இருந்துவிட்டு, தேர்வறையில் 'படிச்சதுதான், ஞாபகம் வரமாட்டேங்குது' என்று விழிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். ஒரே பாடத்தை மூன்றாம் முறை, நான்காம் முறை வாசிக்கும், பக்கம் முழுக்க மஞ்சளாகும் வரை ஹைலைட்டரால் கோடு போடும். திரும்பத் திரும்பப் பார்த்த வரிகள் கண்ணுக்குப் பழகிவிடுவதால் எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரியே இருக்கும், புத்தகத்தை மூடினால்தான் சாயம் வெளுக்கும்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் இதைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரு கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு கொஞ்ச நேரம் மட்டும் படித்துவிட்டு, அதைப் பார்க்காமல், நினைவில் இருந்ததை மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது படித்துக்கொண்டே இருந்த குழுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்து வைத்ததில் கதை தலைகீழ்: அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 61. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. 'ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும்' என்று முன்பே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது அந்த முதல் குழுதான்!

ஆக, இது சோம்பேறித்தனம் இல்லை. மறுபடி வாசிப்பது சுகமாக இருக்கிறது, மூடிவைத்து யோசிப்பது திணறலாக இருக்கிறது, பிள்ளை சுகமானதைத் தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவுதான். அதற்குத் தூபம் போடுவது பெரியவர்களாகிய நாம். 'எத்தனை மணி நேரம் படிச்ச?' என்றுதானே கேட்கிறோம்? நாம் நேரத்தை எண்ணினால் பிள்ளை உட்காரத்தான் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதில், 'புத்தகத்தை மூடிட்டு என்ன இருந்துச்சுன்னு சொல்லு' என்று கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்துவைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்பதுகூட இல்லை, எங்கே திக்குகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும், அந்த இடத்தை மட்டும் திறந்து பார்க்கட்டும். இரண்டு நாள் கழித்து அதே கேள்வி, அப்புறம் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி கண் விழித்து உருப்போடுவதற்கான தேவையே இதில் பாதி குறைந்துவிடும்.

ஆனால் உடனே மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். 21 நாளில் பழக்கம் மாறும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். லண்டனில் நடந்து 2010-ல் அச்சான ஓர் ஆய்வில், சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற சாதாரணப் பழக்கங்களே தன்னியல்பாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால் ஒரு நாள் தவறிவிட்டால், 'உன்னால் எதுவும் உருப்படாது' என்று ஆரம்பிக்காமல் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. மாதிரி வினா விடை வெளியிடும் பத்திரிகைகள் பெரும்பாலும் கேள்விக்குக் கீழேயே விடையையும் போட்டுவிடுகின்றன. பிள்ளை இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு 'தெரியும்' என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறது. நீங்கள் கேள்விகளை இன்றும் விடைகளை மறுநாளும் போடலாமே? முடிந்தால் ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளில் நாலைந்தை, சொல்லாமல் கொள்ளாமல், புதுக் கேள்விகளோடு கலந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்