ஆறு ஸ்பீக்கரில் இரண்டு மட்டும் ஒலிப்பது ஏன்? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தீபாவளிக்குப் பிறகு ஹட்டன், டிக்கோயா, கொட்டகலைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் எங்கள் கடையைப் பற்றி ஒரு செய்தி சுற்றி வருகிறது. ‘ஆறு ஸ்பீக்கருக்குக் காசு வாங்கினார்கள், இரண்டுதான் பாடுகிறது, பெட்டி போலி, வயரும் போலி’ என்று அதில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் எங்களிடம் பொருள் வாங்கியவர்தான். அவர் மீது எங்களுக்குக் கோபமில்லை. தீபாவளி முற்பணத்தோடு வீட்டில் சேர்த்து வைத்ததையும் போட்டு வாங்கிய பொருள், எதிர்பார்த்தபடி ஒலிக்காவிட்டால் யாருக்கும் மனம் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் ‘போலி’ என்ற சொல்லை எங்களால் சும்மா விட முடியவில்லை. இத்தனை காலம் இந்த ஊரில் கடை திறந்து வைத்திருப்பது அந்தச் சொல்லைக் கேட்பதற்காக அல்ல. பதில் எழுதச் சில நாட்கள் ஆகிவிட்டதற்கு வருந்துகிறோம். அதன் காரணத்தைக் கீழே சொல்கிறோம்.

முதலில் பெட்டியைப் பற்றி. ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் (அடிஒலிப் பெட்டி) இயக்குவதுதான் 5.1 ரிசீவர். நாங்கள் விற்கும் ஒவ்வொரு 5.1 ரிசீவரையும் வாங்குபவரின் கண் முன்னே கடையில் இயக்கிக் காட்டித்தான் கொடுக்கிறோம். ரிசீவரின் ரிமோட்டிலேயே சோதனை ஒலி இருக்கிறது. அதை அழுத்தினால் முன் இடது, நடு, முன் வலது, பின்னிரண்டு, சப்வூஃபர் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இரையும். வீட்டிலும் இதைத்தான் முதலில் செய்து பார்க்க வேண்டும். சோதனை ஒலியில் ஆறும் இரைந்தால் ஸ்பீக்கரும் ரிசீவரும் ஸ்பீக்கர் வயரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். குறை அதற்கு முன்னால், கணினிக்கும் ரிசீவருக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. செய்தி எழுதியவர் வீட்டில் ஆறும் இரைந்தன. அதை அவரே தொலைபேசியில் எங்களுக்குச் சொன்னார்.

அப்படியானால் கணினியில் படம் போடும்போது நான்கு ஏன் ஊமையாகின்றன? படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கொண்டு போகும் எச்.டி.எம்.ஐ. வழியாகக் கணினி எதனுடன் இணைந்தாலும் முதலில் எதிர்ப்பக்கத்து இயந்திரம் தன்னைப் பற்றிய ஒரு குறிப்பைக் கணினிக்குக் கொடுக்கிறது. எந்த அளவுப் படம் காட்டுவேன், எத்தனை தடம் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்குமான தனி ஒலி) வாங்குவேன், ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளான டொல்பி, டி.டி.எஸ். தெரியுமா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஈ.டி.ஐ.டி. என்று அதற்குப் பெயர். டி.வி.க்குள் இருப்பது பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கர்தான். அதனால் அதன் குறிப்பிலும் பெரும்பாலும் இரண்டு தடம் என்றுதான் இருக்கும். கணினியை நேரே டி.வி.யில் மாட்டினால் விண்டோஸ் அந்தக் குறிப்பை நம்பி இரண்டு தடத்தை மட்டுமே அனுப்பும். 5.1 என்ற தெரிவையே அது காட்டாது.

நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். டி.வி. சுவரில் இருக்கிறது, வயர் இழுக்க வசதி, ஆகவே கணினியிலிருந்து டி.வி.க்கு ஒன்று, டி.வி.யிலிருந்து ரிசீவருக்கு ஒன்று. டி.வி.யிலிருந்து ஒலி ரிசீவருக்குத் திரும்பி வரும் ஏ.ஆர்.சி. என்ற வழி 2009 இல் எச்.டி.எம்.ஐ. 1.4 உடன் வந்தது. ஒலியை ஒளியாகக் கடத்தும் ஒப்டிகல் வயரைப் போலவே அதிலும் சுருக்கப்படாத ஒலி என்றால் இரண்டு தடம்தான் போகும். ஆறு தடம் வேண்டுமென்றால் டொல்பி டிஜிட்டல் அல்லது டி.டி.எஸ். ஆகச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். அதையும் டி.வி. கடத்திவிட வேண்டும், எல்லா டி.வி.யும் கடத்துவதில்லை. 2017 இல் எச்.டி.எம்.ஐ. 2.1 உடன் வந்த ஈ.ஏ.ஆர்.சி. இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது. ஆனால் டி.வி., ரிசீவர் இரண்டிலும் அது இருந்தால்தான் பயன். ஆகவே நாங்கள் எல்லோருக்கும் சொல்வது ஒன்றே: கணினியிலிருந்து ரிசீவருக்கு, ரிசீவரிலிருந்து டி.வி.க்கு. வயரை இப்படி மாற்றியதும் பாதி வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இனி, ‘வயரும் போலி’ என்பதற்கு வருகிறோம். எங்களை மிகவும் புண்படுத்தியது இதுதான். எச்.டி.எம்.ஐ. வயருக்குள் ஆறு தடத்துக்கு ஆறு கம்பி கிடையாது. படத்தின் தரவு போகும் அதே கம்பிகளில், படத்தின் இடைவெளிகளில் பொதிகளாக ஒலி மொத்தமும் போகிறது. எட்டுத் தடத்தையும் அப்படி அனுப்பலாம். ஒரே பஸ்ஸில் ஏறிய ஆறு பேரில், பஸ் பழுதானால் ஆறு பேருமே நடுவழியில் நிற்பார்கள், நால்வர் மட்டும் காணாமல் போக மாட்டார்கள். வயர் கெட்டால் படத்தில் புள்ளிகள் மின்னும், திரை கறுத்துக் கறுத்து வரும், ஒலி விட்டுவிட்டு வரும், அல்லது ஒன்றுமே வராது. முன் இரண்டு தெளிவாகப் பாடிக்கொண்டிருக்கப் பின்னிரண்டை மட்டும் வயர் விழுங்குவது நடக்காத காரியம். அறுநூறு ரூபா வயரானாலும் ஆறாயிரம் ரூபா வயரானாலும் இதில் வித்தியாசமில்லை. விலை கூடிய வயரை விற்பதுதான் எங்களுக்கு இலாபம், இருந்தும் தேவையில்லாத இடத்தில் அதை வாங்காதீர்கள் என்று கடையில் வைத்தே சொல்லி வருகிறோம்.

மின்வெட்டும் ஒரு காரணம். கரண்ட் போய்த் திரும்பும்போது சில கணினிகள் தாமாகவே இயங்கத் தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கும், ரிசீவரோ உறங்கு நிலையில் நிற்கும். அந்த நிலையில் பல ரிசீவர்கள் டி.வி.யின் குறிப்பையே கணினிக்குக் கடத்திவிடுகின்றன. நேற்று வரை ஆறும் பாடிய வீட்டில் இன்று இரண்டு பாடுவது இப்படித்தான். முதலில் டி.வி.யையும் பிறகு ரிசீவரையும் போட்டு, கடைசியாகக் கணினியைப் போடுங்கள். இந்த ஒழுங்கு பழகிவிட்டால் எங்களை அழைக்கவே தேவையிருக்காது.

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடிந்தது. அதையொட்டிப் பலர் விண்டோஸ் 11 க்கு மாறினார்கள். மாறும்போது டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், மாறிவிடுகிறது. எச்.டி.எம்.ஐ. ஒலி மதர்போட்டின் சவுண்ட் சிப்பிலிருந்து வருவதில்லை, படம் தரும் கிராஃபிக்ஸ் சிப்பிலிருந்தே வருகிறது. இன்டெல், என்விடியா, ஏ.எம்.டி. மூன்றுக்கும் தனித்தனி ஒலி டிரைவர் உண்டு. விண்டோஸ் தானாகப் போடும் பொதுவான டிரைவரில் சில வேளை டொல்பியும் டி.டி.எஸ்.ஸும் காணாமல் போகும். கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதிதாகப் போட்ட பிறகு கொன்ட்ரோல் பெனலில் சவுண்ட், அதில் பிளேபேக், அங்கே எச்.டி.எம்.ஐ. சாதனத்தைத் தெரிவு செய்து ‘கொன்ஃபிகர்’ அழுத்தி 5.1 ஐக் குறியுங்கள். 5.1 அங்கே இல்லையென்றால் மேலே சொன்ன ஈ.டி.ஐ.டி. சிக்கல் இன்னும் தீரவில்லை. கோடி என்னும் செயலியில் படம் பார்ப்பவர்கள் அதன் ஒலி அமைப்பையும் பாருங்கள். தடங்களின் எண்ணிக்கை அங்கே தொடக்கத்திலேயே 2.0 என்றுதான் இருக்கும்.

கொழும்பிலிருந்து வரும் பழைய அலுவலகக் கணினிகளில் டி.வி.ஐ. என்ற பழைய படத் துவாரத்துக்கு அடாப்டர் போட்டு எச்.டி.எம்.ஐ. ஆக்குகிறார்கள். அதில் பெரும்பாலும் ஒலியே வராது. பழைய படங்களில் ஆறு தடம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு தடத்தில் பதிவான பாட்டை ரிசீவர் பின் ஸ்பீக்கர்களுக்குப் பரப்ப வேண்டுமானால் ரிமோட்டில் சரவுண்ட் முறையை மாற்ற வேண்டும். யூடியூபை உலாவியில் திறந்து ‘பின்னால் சத்தமில்லை’ என்று அழைப்பவர்களுக்கும் இதுவே பதில்.

இடி மின்னலில் போன எச்.டி.எம்.ஐ. துவாரத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது. டிஷ் வயர் வழியாகத்தான் பெரும்பாலும் அடி உள்ளே வருகிறது, பின்னேர மழை கறுக்கும்போது அதையும் கழற்றி வையுங்கள்.

பதில் தாமதமானதற்குக் காரணம் சொல்வதாக எழுதினோம். எங்களிடம் வேலை செய்த தம்பி கட்டாருக்குப் போய்விட்டார். வீடு வீடாக வந்து ஸ்பீக்கர் மாட்டியவர் அவர், உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவர் போனதில் எங்களுக்கு வருத்தம், ஆனால் குறையில்லை. இங்கே நாங்கள் கொடுக்கக்கூடிய சம்பளம் எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும். 2022 இல் ரூபாவின் பெறுமதி விழுந்த நாளிலிருந்து பொருள் எடுக்கப் போடும் முதலீடே இரட்டிப்பாகிவிட்டது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ ஒருமுறை போய்வர முச்சக்கரவண்டிக் கூலி என்னவென்று உங்களுக்கே தெரியும். ஆகவே இனி வீட்டு வருகை சனி, ஞாயிறு மட்டும், கட்டணம் 2,500 ரூபா. தொலைபேசியில் விளக்கம் கேட்பதற்கு எப்போதும் போலக் கட்டணமில்லை.

2022 இல் எங்கள் கடைத் தட்டுகள் காலியாக இருந்தபோதும் கடைக்கு வந்தவர்கள் நீங்கள். புதிதாக வாங்க வழியில்லை, பழையதையாவது பழுது பார்த்துக் கொடுங்கள் என்று ரேடியோவையும் டி.வி.யையும் தோளில் சுமந்து வந்தீர்கள். அந்த வேலைதான் கடையைக் காப்பாற்றியது. இப்போதும் அந்தச் செய்தியைப் பார்த்தவுடன், குழுவிலேயே ‘என் வீட்டில் ஆறும் பாடுகிறது, வந்து கேளுங்கள்’ என்று எழுதிய ஆசிரியருக்கும், எதுவும் எழுதாமல் நேரே கடைக்கு வந்து ‘என்ன நடந்தது’ என்று கேட்ட தோட்டத்து அம்மாமாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. செய்தி எழுதியவருக்கும் ஒன்று சொல்கிறோம்: உங்கள் வீட்டுக்கு வரும் சனிக்கிழமை நாங்களே வருகிறோம், அதற்குக் கட்டணம் இல்லை. வயரை மாற்றி மாட்டி, ஆறும் ஒலிப்பதை உங்கள் காதால் கேட்ட பிறகு, அந்தச் செய்தியை என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மற்றவர்கள் அழைக்கும்போது மூன்று விவரங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: ரிசீவரின் பின்புறம் எழுதியுள்ள மாதிரி எண், கணினியில் இருக்கும் கிராஃபிக்ஸ் எது என்பது, எந்த வயர் எந்தத் துவாரத்தில் இருக்கிறது என்பது. கைத்தொலைபேசியில் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது. கடை ஒன்பது மணிக்குத் திறக்கும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்
ஹட்டன்