பொங்கல் பட்டிமன்றத் தீர்ப்பு குறித்து ஒரு திறந்த மடல்

பெங்களூரு வொயிட்ஃபீல்டில் உள்ள எங்கள் அடுக்ககத்தின் பொங்கல் விழாக் குழுவினருக்கு வணக்கம்.

சென்ற வாரம் நீங்கள் நடத்திய பட்டிமன்றத்தை முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்களுள் நானும் ஒருவன். "பொருள்கள் கீழே விழக் காரணம் ஈர்ப்பா, அடர்த்தியா?" என்ற தலைப்பைத் துணிந்து எடுத்தமைக்கு முதலில் என் பாராட்டு, மாமியாரா மருமகளா என்பதிலிருந்து நம் மேடைக்கு ஓர் ஆண்டாவது விடுதலை கிடைத்தது. ஆனால், "இரண்டும் ஒரு வண்டியின் இரு சக்கரங்கள்" என்று நடுவர் அளித்த சரிபாதித் தீர்ப்பு விழா மலரிலும் அச்சேறப் போகிறது என்று அறிந்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த மலரை நம் பிள்ளைகள் படிப்பார்கள்.

அடர்த்தி அணிக்குக் கிடைத்த கைதட்டல் நியாயமானது என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். ஈர்ப்பு அணியினர் நியூட்டன் சொன்னார், இஸ்ரோ சொல்கிறது என்பதற்கு மேல் ஓர் அடியும் நகரவில்லை. அடர்த்தி அணியில் பேசிய கல்லூரி மாணவியோ ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி முட்டையைப் போட்டார், முட்டை மூழ்கியது. உப்பைக் கரைத்தார், மிதந்தது. "பூமியின் ஈர்ப்பா மாறியது, உப்புத்தானே மாறியது?" என்று அவர் கேட்டபோது எதிரணியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. பூமி முட்டையை இழுக்கிறது. முட்டையைச் சூழ்ந்த தண்ணீரையும் இழுக்கிறது. ஒரே இடத்துக்கு இரண்டும் போட்டியிடும்போது, சம பருமனில் எது கனமோ அது அடிக்குப் போய் மற்றதை மேலே தள்ளிவிடுகிறது. உப்பு கரைந்த தண்ணீர் முட்டையைவிடக் கனத்துவிட்டதால் முட்டை தோற்றது, அதாவது மிதந்தது. போட்டியில் வெல்வது யார் என்பதை அடர்த்தி சொல்லும். போட்டியே நடப்பது இழுப்பால். ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விசைகூட வெளியேற்றப்பட்ட நீரின் எடைக்குச் சமம் என்பதால், எடை என்ற சொல்லுக்குள் ஈர்ப்பு ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

அடர்த்தி என்பது நிறையைப் பருமனால் வகுத்து வரும் ஓர் எண். அதற்குத் திசை கிடையாது. பால் பண்ணையில் கிரீம் பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: பாத்திரத்தில் அசையாமல் வைத்த பாலில் ஏடு மேலே வருகிறது, அதே பாலை இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு நடுவுக்கும் மற்றது ஓரத்துக்கும் போகிறது. அடர்த்தி வேறுபாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை முடிவுசெய்தது வேறொன்று.

இனி என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள். தராசுகளைப் பழுதுபார்த்துச் சரிபார்ப்பதே என் பிழைப்பாக இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், சென்னையில் சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசு ஒன்றை, இங்கே மறுபடி சரிபார்க்கும் சோம்பலால், அப்படியே கொண்டுபோய்ப் பெங்களூரு சிக்பேட்டையில் ஒரு நகைக்கடையில் வைத்துவிட்டேன். ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தால் ஏறத்தாழக் கால் கிராம் குறைத்துக் காட்டியது. தங்கத்தில் கால் கிராம்! கடைக்காரர் என்னைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். தப்பு முழுவதும் என்னுடையது.

இரு நகரங்களும் 13 பாகை அட்சரேகைக்கு அருகிலேயே உள்ளன. ஆனால் சென்னை கடலோரம். பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். பூமியின் மையத்திலிருந்து விலகினால் இழுப்புக் குறையும் என்பதால், இங்கே அது சென்னையைவிட ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி அணியின் கணக்கு என்ன சொல்லும்? எடைக்கல்லின் பித்தளை மாறவில்லை. பெங்களூருக் காற்றோ சென்னைக் காற்றைவிட அடர்த்தி குறைந்தது. காற்றைவிட அடர்ந்திருப்பதுதான் விழுவதற்குக் காரணம் என்றால் கல் இங்கே இன்னும் அழுத்தமாக இறங்கி, தராசு கூடுதலாகக் காட்டியிருக்க வேண்டும். அது குறைத்தல்லவா காட்டியது! (பழைய தட்டுத்தராசில் இந்த வம்பே இல்லை, இரண்டு தட்டிலும் இழுப்பு ஒரே அளவில் குறைவதால் முள் நடுவிலேயே நிற்கும்.)

காற்றே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 1971 ஆகஸ்டில் உலகமே பார்த்தது. அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் நின்று ஒரு சுத்தியலையும் வல்லூறின் இறகு ஒன்றையும் ஒன்றாகக் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. சூழ்ந்திருக்க ஒன்றுமே இல்லாதபோது எதைவிட அடர்ந்திருப்பதால் அந்த இறகு விழுந்தது? சுத்தியல் பூமியில் விழுவதைவிட மெதுவாக விழுந்ததற்கும், நிலவின் இழுப்பு பூமியினுடையதில் ஆறில் ஒரு பங்கு என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது.

"ஈர்ப்பைக் கண்ணால் கண்டவர் யார்?" என்றும் மாணவி கேட்டார். 1798-இல் லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் என்பவர், கம்பியில் தொங்கவிட்ட குறுக்குக் கோலின் இரு முனைகளிலும் சிறு ஈயக் குண்டுகளைப் பொருத்தி, பக்கத்தில் பெரிய ஈயக் குண்டுகளைக் கொண்டுவந்தார். சிறியவை பெரியவற்றை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்ததைத் தொலைநோக்கி வழியே பார்த்து அளந்தார். கீழ்நோக்கி அல்ல, பக்கவாட்டில். இதில் ஒரு வேடிக்கை: அந்தச் சோதனையை அவர் செய்ததே பூமியின் அடர்த்தியைக் கண்டறியத்தான். தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு என்று அவருக்குக் கிடைத்த விடை இன்றைய அளவுக்கு மிக அருகில் இருக்கிறது. அடர்த்தி அணி தேடிய அடர்த்தியை அளந்து கொடுத்ததே ஈர்ப்புத்தான்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள்கள் இரண்டு. மலர் அச்சுக்குப் போகுமுன் தீர்ப்பைத் திருத்துங்கள். நடுவருக்கு அது சங்கடம் என்றால், தீர்ப்புக்குக் கீழே இந்த மடலையாவது வெளியிடுங்கள். அடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளையும் அந்த மாணவியையும் விளையாட்டுத் திடலுக்கு அழையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் அடியோரத்தில் துளையிட்டுத் தண்ணீர் நிரப்பினால் நீர் பீச்சும். அதை முதல் மாடியிலிருந்து மணலில் விழவிட்டால், விழுந்துகொண்டிருக்கும் நேரம் முழுக்கப் பீச்சுவது நின்றுவிடும். தண்ணீரின் அடர்த்தியும் காற்றின் அடர்த்தியும் அந்த ஒரு நொடியில் மாறியிருக்காது. ஏன் நின்றது என்று அந்த மாணவியையே விளக்கச் சொல்லலாம். நன்றாகச் சொல்வார் என்று நம்புகிறேன். பாட்டில்களையும் துளையிட ஊசியையும் நான் கொண்டு வருகிறேன். மணலுக்குக் குழு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தராசு மெக்கானிக்