அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்

மச்சான்,

நலமா? நீ அனுப்பிய பட்டர்வொர்த் ஜெட்டி படத்தைப் பார்த்ததிலிருந்து உனக்கு எழுதவேண்டும் என்றே இருந்தேன், இங்கே கோலாலம்பூர் செந்தூலில் வீடு மாறின வேலையில் தள்ளிப்போய்விட்டது. முட்டி வலி இப்போது பரவாயில்லை.

விஷயம் என்னவென்றால், என் மகள் ராக் குழு ஆரம்பித்துவிட்டாள். படிவம் நான்கு படிக்கிற நாலு பிள்ளைகள், சனிக்கிழமைதோறும் ஜாமிங் ஸ்டூடியோவில் காசு சேர்த்துக் கட்டி வாசிக்கிறார்கள். வாசிப்பு வருகிறது, பெயர்தான் வரவில்லை. ஒரு பயிற்சிப் புத்தகம் முழுக்க எழுதி எழுதி அடித்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் ரத்தம், சாம்பல், மண்டை ஓடு. "நீங்கள் எப்படிப்பா பேர் வைத்தீர்கள்?" என்று கேட்டாள். நம் பழைய குழுவின் கதையைச் சொல்ல வாய் வரவில்லை, ஆஸ்திரேலிய ராக் குழு ஏசி/டிசியின் கதையைச் சொன்னேன்.

அவர்கள் பாட்டெல்லாம் உனக்கு மனப்பாடம், இந்தக் கதையையும் கேள். யங் குடும்பம் 1963இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து கிளம்பி சிட்னிக்குக் குடிபோன குடும்பம். எட்டுப் பிள்ளைகளில் மார்கரெட் ஒருத்திதான் பெண், ஆங்கஸ் கடைக்குட்டி. 1973இல் மால்கமும் ஆங்கஸும் குழு தொடங்கிப் பெயர் தேடியபோது, தையல் மெஷினில் இருந்த ஏசி/டிசி என்ற எழுத்தைப் பார்த்துச் சொன்னது அந்த அக்காதான். மாறுமின்சாரம், நேர்மின்சாரம், அவ்வளவுதான் அர்த்தம். ஆனால் மின்சாரத்தில் ஓடுகிற கிட்டாருக்கு இதைவிடப் பொருத்தமாக யார் யோசித்திருக்க முடியும், சொல்!

உடையும் அவள் சொன்னதுதான். ஆங்கஸ் கொரில்லா வேஷம், ஸோரோ வேஷம், ஸ்பைடர்மேன் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்திருக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு உட்காருகிற தம்பியைத் தினமும் பார்த்தவள் அக்கா, அந்தச் சீருடையிலேயே மேடை ஏறு என்றாள். 1955இல் பிறந்த மனிதர், எழுபதைத் தொட்ட பிறகும் அதே அரைக்கால்சட்டை, அதே டை. குழுவின் சின்னமான, நடுவில் மின்னல் வெட்டுகிற அந்த எழுத்து மட்டும்தான் வெளியாள் கைவேலை, ஜெரார்ட் ஹுவெர்டா குட்டன்பர்க் பைபிளின் அச்செழுத்தை மனதில் வைத்து வரைந்தது, 1977இல் வந்தது.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் பினாங்கு பாட்டுக் குழு அல்லிகேட்ஸையே எடுத்துக்கொள். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அந்த உருண்டைச் சுருட்டை முடி. உங்கள் அப்பா கேசட் உறையைத் தூரத்தில் வைத்தாலும் யாருடையது என்று நமக்குத் தெரியும். 2007இல் லோகநாதன் போன செய்தி வந்த அன்று நீ போன் பண்ணி ஒன்றும் பேசாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறதா?

நாம் என்ன செய்தோம்? 1992, நீள முடி வைத்த ராக்காரர்களை அரசுத் தொலைக்காட்சி ஆர்டிஎம்மில் காட்டமாட்டோம் என்று அமைச்சர் சொல்லி, சேர்ச் குழுவின் பாடகர் ஏமியும் விங்ஸ் குழுவின் பாடகர் அவியும் முடியை வெட்டிக்கொண்ட வருஷம். நமக்கு முடியை வளர்க்கப் பள்ளியும் விடாது, வீடும் விடாது. அதனால் வாயில் நுழையாத ஓர் ஆங்கிலப் பெயரை அகராதியில் தேடிப் பிடித்து, அதையும் மூன்று தடவை மாற்றினோம்.

அன்றைக்கு உன் அக்கா சொன்னதை நான் மறக்கவே இல்லை மச்சான். பினாங்கு ஸ்திரீட் துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு ராத்திரி ஃபெரியில் கடல் தாண்டி பட்டர்வொர்த் வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கின காலை நீட்டி, நம் பேனருக்காகப் பழைய கட்டில் விரிப்பை மடியில் போட்டு ஓரம் தைத்துக்கொண்டே, "இரவு ஃபெரி என்று வையுங்கடா, அதில் எஞ்சின் போடுகிற சத்தம் உங்கள் டிரம் மாதிரிதான் இருக்கும்" என்றார்கள். வாயில் நூலைக் கடித்தபடி சொன்னார்கள். தமிழ்ப் பேரா என்று நான்தான் முதலில் முகத்தைச் சுளித்தேன். அக்கா மறுபேச்சு பேசவில்லை, நாம் சொன்ன பெயரையே அழகாக வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள்.

இதையும் மகளிடம் கடைசியில் சொல்லிவிட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் அந்தப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, புதுப் பக்கத்தில் "இரவு ஃபெரி" என்று எழுதி, "ஃ"வின் மூன்று புள்ளியைத் தண்ணீரில் தெரிகிற விளக்கு மாதிரி கீழே கீழே கலங்கவிட்டு வரைந்து காட்டினாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அக்காவைக் கேட்காமல் அந்தப் பெயரை எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீ கேட்டுச் சொல். இல்லை, வேண்டாம், அக்காவின் நம்பரை அனுப்பு, நானே கூப்பிடுகிறேன். அந்த விரிப்பு இன்னும் வீட்டில் கிடக்கிறதா என்று மட்டும் தேடிப் பார்.

அன்புடன்,
உன் டிரம்காரன்