தரங்கம்பாடி வண்டி திரும்ப வருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மே மாதம் வந்தால் போதும், விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று எல்லாப் பத்திரிகைகளிலும் பட்டியல் வந்துவிடுகிறது, ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று எல்லாம் மலைதான். மயிலாடுதுறைக்காரர்களுக்குக் கோடை என்றால் தரங்கம்பாடி. காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், பெரிய செலவும் இல்லை. சென்னையிலும் மஸ்கட்டிலும் இருக்கும் என் பள்ளித் தோழர்கள் இந்தக் கோடையில் ஊருக்கு வந்திருந்ததால் எல்லோருமாகச் சேர்ந்து மறுபடியும் அங்கே ஒரு நாள் போய் வந்தோம். திரும்பி வந்ததிலிருந்து எங்களுக்குள் ஒரே பேச்சு, முன்பு ஓடிய மயிலாடுதுறை–தரங்கம்பாடி ரயிலை ஏன் இன்னும் விடாமல் இருக்கிறார்கள் என்பதுதான்.

இளைய வாசகர்கள் பலருக்கு இப்படி ஒரு ரயில் ஓடியதே தெரியாது. 1926இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை, சுமார் 30 கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், அப்புறம் தரங்கம்பாடி. அதற்கு மேல் கடல்தான். வேகம் என்று ஒன்றும் கிடையாது. ஜன்னலில் தலையை நீட்டினால் கண்ணில் கரித்தூள் விழும், உள்ளே இழுத்தால் பக்கத்திலிருப்பவன் தூக்குச்சட்டியைத் திறந்து புளிச்சோற்றில் கைவைத்திருப்பான். பொறையார் தாண்டியதும் காற்றில் உப்பு வாடை வரும், உடனே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். 1986இல் நட்டம் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள்.

இந்த முறை பஸ்ஸில் போனோம். முகூர்த்த நாள் வேறு. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் வந்த வேன்களும் கார்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்க, நடுவில் மாட்டிக்கொண்டு கத்திரி வெயிலில் வெந்தோம். "டேய், வண்டி இருந்திருந்தா இந்நேரம் கடல்ல கால் நனைச்சிருப்போம்டா" என்று மஸ்கட்காரன் புலம்பிக்கொண்டே வந்தான். அவன் சொன்னதில் தப்பில்லை. அபிராமி சன்னதிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்களில் எத்தனையோ பேர் ரயிலில் மயிலாடுதுறை சந்திப்பு வரை வந்து இறங்கி, வயதான அப்பா அம்மாவையும் மாலைக் கூடையையும் வைத்துக்கொண்டு காருக்கு வாடகை பேசி நிற்கிறார்கள். அவர்களுக்காகவாவது இந்தப் பாதை வேண்டும்.

தரங்கம்பாடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்தில் டேனிஷ்காரர்கள் வந்து கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி இன்றும் நிற்கிறது. 1845இல் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கியதும், பிறகு அச்சகம் வைத்துத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்ததும் இங்கேதான், அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இருக்கிறது. நாங்கள் முதலில் போனது என்னவோ மாசிலாமணிநாதர் கோயில் பக்கம்தான். முன்பகுதியைக் கடல் எப்போதோ தின்றுவிட்டது. சிறுவயதில் நாங்கள் ஏறி உட்கார்ந்த கற்கள் எவை என்று தேடிப் பார்த்தோம், பிடிபடவில்லை, இப்போது அலையைத் தடுக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையே வேறு மாதிரி ஆகிவிட்டது. இங்கே ஓசோன் காற்று அடிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் நாலு மணிக்கு மேல் வீசுகிற அந்தக் காற்றுக்குப் பேர் எதுவானால் என்ன! நுங்கு விற்கிற அம்மா ஒருவர் இளசாகப் பார்த்துச் சீவி, பனையோலையில் வைத்துக் கொடுத்தார். தண்ணீர் முழங்கை வரை வழிய, தலை நரைத்தவர்கள் எல்லாம் சட்டையை நனைத்துக்கொண்டு நின்றோம்.

சரி, ரயிலுக்கு வருகிறேன். திரும்பும்போது பழைய பாதையின் தடம் எங்காவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தோம். தெரிகிறது. வயலுக்கு நடுவே ஒரு மேடு நேராக ஓடுகிறது, மேலெல்லாம் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. ஓரிடத்தில் வாய்க்காலுக்கு மேல் செங்கல் வளைவு முழுசாக இருக்கிறது, அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. சில இடங்களில் மேடு திடீரென்று காணாமல் போய் வீட்டுக் கொல்லையாகிவிட்டது. இன்னும் பத்து வருஷம் விட்டால் எங்கே ரயில் போனது என்று காட்டுவதற்குக்கூட ஆள் இருக்காது.

அன்றைக்கு நட்டம் என்று சொன்னது நியாயமாகவே இருக்கட்டும். இன்றைக்குக் கணக்கு மாறிவிட்டது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது, ஆட்சியர் அலுவலகம் மன்னம்பந்தலில் இருக்கிறது. ஏ.வி.சி. கல்லூரியும் அங்கேதான். பொறையாரில் டி.பி.எம்.எல். கல்லூரி. நடுவில் திருக்கடையூர், காந்தியே தேடி வந்து பார்த்த வள்ளியம்மையின் தில்லையாடி, கடைசியில் தரங்கம்பாடி. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும், மனுவைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போகிறவர்களும், சாமி கும்பிட வருகிறவர்களும், கடல் பார்க்க வருகிறவர்களும் ஒரே தடத்தில் போகும்போது வண்டிக்கு ஆள் வராது என்று யார் சொல்ல முடியும்?

இதையும் கவனியுங்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் பேரளம்–காரைக்கால் வண்டியும் நின்றது. அந்தப் பக்கத்து மக்கள் விடாமல் கேட்டார்கள், இன்று அங்கே அகலப்பாதை போட்டுச் சோதனை ஓட்டமும் நடந்துவிட்டது. அவர்களுக்குத் திருநள்ளாறு என்றால் எங்களுக்குத் திருக்கடையூர். தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் அதிக தூரமில்லை. அதுவரை பாதையை நீட்டிவிட்டால் தரங்கம்பாடியோடு முட்டி நிற்கிற பாதை என்ற பேச்சே இருக்காது, நாகூர், நாகப்பட்டினம் வரை ஒரே வண்டியில் போகலாம்.

ஒவ்வொரு தேர்தலிலும் இந்த வாக்குறுதி வருகிறது, பிறகு காணாமல் போகிறது. உடனே ரயில் விடுங்கள் என்று கேட்கவில்லை. முதலில் பழைய பாதை நிலத்தை அளந்து கல் நடுங்கள், மிச்சமிருப்பதையாவது காப்பாற்றுங்கள். அப்புறம் புதிதாக ஒரு கணக்கெடுப்பு நடத்தி, முடிவை எங்களுக்கும் தெரியும்படி வெளியிடுங்கள். எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் இதை அவையில் கேட்க வேண்டும், தங்கள் பத்திரிகையும் விடாமல் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மயிலாடுதுறை.

பின்குறிப்பு: இந்த விடுமுறையில் தரங்கம்பாடி போகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.