கொஞ்சம் கோணலான நாயகிகளையும் அச்சிடுங்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்குப் புத்தகத் திருவிழா வரும்போதெல்லாம் உங்கள் அரங்குகளில் காதல் நாவல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வாங்கிச் செல்பவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் காதலும் சிரிப்பும் சரிபாதியாகக் கலந்த, கொஞ்சம் கிறுக்குத்தனம் கொண்ட நாயகி தானே கதை சொல்லும் நாவல் உண்டா என்று கேட்டால், “அதெல்லாம் இங்கே போகாதும்மா” என்கிறார்கள்.

போகாது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? எங்கள் பகுதி வாடகை நூல்நிலையத்தில், படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமலிருக்க, வாசகிகள் ஏதேனும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் ஓர் அடையாளம் இட்டுவைப்பார்கள். ஒருவருக்கு நட்சத்திரம், இன்னொருவருக்கு இனிஷியல். கண்ணீரும் கர்வம் பிடித்த நாயகனுமாக நகரும் நாவல்களில் ஆளுக்கு ஒரு குறிதான் இருக்கும். வாய்விட்டுச் சிரிக்க வைத்த பழைய நாவல்களிலோ அதே நட்சத்திரம் வெவ்வேறு மையில் மறுபடியும் மறுபடியும் விழுந்திருக்கிறது.

இத்தகைய நாயகியைச் சினிமாவின் ‘லூசுப் பெண்’ணோடு சேர்த்து எண்ணிவிடுகிறார்கள் என்பதே என் வருத்தம். திரையில் அவளை நாயகனின் கண்வழியாகத்தான் பார்க்கிறோம். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று யாரும் கேட்பதில்லை. நாவலில் நாம் அவள் தலைக்குள்ளேயே குடியிருக்கிறோம். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் உளறிக்கொட்டுவதற்கு முந்தைய கணம் வரை அவள் போட்ட கணக்கு நமக்குத் தெரியும், அது நியாயமாகவும் படும்; நாமும் அதையேதான் உளறியிருப்போம். 1995இல் லண்டன் நாளிதழ் ஒன்றில் பத்தியாகத் தொடங்கி 1996இல் நாவலான ஹெலன் ஃபீல்டிங்கின் பிரிட்ஜெட் ஜோன்ஸ், நாட்குறிப்பில் தன் எடையையும் குடித்த சிகரெட்டுகளையும் தினமும் எழுதிவைத்தே கடல்கடந்த வாசகர்களையும் பிடித்தாள் என்றால், காரணம் இந்த நெருக்கம்தான்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்றும் ஒதுக்க முடியாது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்வு வெளியே தெரியும் வகைகளை, நகை என்னும் சிரிப்பில் தொடங்கி உவகை என்னும் மகிழ்ச்சியில் முடிக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களில் இளமையையும் பேதைமையையும் சேர்க்கிறது. கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் ஒருத்தி தோழியிடம் கதை சொல்கிறாள்: சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன், ஒருநாள் வீட்டு வாசலில் வந்து தண்ணீர் கேட்கிறான், கொடுக்கப் போனவளின் வளைக்கையைப் பற்றுகிறான். “அன்னாய், இவன் செய்ததைப் பார்” என்று அலறிவிட்டு, தாய் ஓடிவந்ததும், தண்ணீர் குடிக்கும்போது விக்கினான் என்று சமாளிக்கிறாள். தாய் அவன் முதுகை நீவிவிட, அந்தக் கள்வன் மகன் கடைக்கண்ணால் பார்த்துச் சிரிக்கிறான். ஒரு நல்ல காதல் நகைச்சுவைக்கு வேண்டிய அவசரம், பொய், கூட்டுக்களவு எல்லாம் இதில் இருக்கின்றன. அவளே சொல்வதால்தான் இனிக்கிறது. (இதைப் பள்ளியில் இலக்கணக் குறிப்போடு மட்டும் படிக்க வைத்தவர்களை என்ன சொல்வது!)

ஆகவே என் கோரிக்கை இதுதான். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் கணக்கெழுதும் ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டாரோடு ஏற்காடு போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடியே பேச்சைச் சமாளித்து, மேலே போய்ச் சேர்வதற்குள் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியொரு கைப்பிரதி வந்தால், நாயகன் இன்னும் கொஞ்சம் அதட்டட்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பாதீர்கள். கடைசி அத்தியாயத்தில் அவளைப் பொறுப்பான மருமகளாகத் திருத்தியும் விடாதீர்கள். அவளுடைய கோணலைப் பார்த்து மயங்கியவனுக்கே அவள் கிடைக்கட்டும். வேலையையும் விடாமல் இருக்கட்டும். விலையை மட்டும் மாத நாவல் அளவில் வைத்தீர்களானால், வாடகை நூல்நிலையத்துக்காகக் காத்திராமல் நாங்களே வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
அம்மாபேட்டை வாசகி ஒருத்தி
சேலம்