சார்ஜ் என்று எழுதுமுன்

மலேசியத் தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்களுக்கும், மருத்துவமனை, வங்கி, அரசாங்க அலுவலக அறிவிப்புகளைத் தமிழாக்கித் தருவோருக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர் கையில் கொடுக்கும் தாளில் இப்படி ஒரு வரி: "டிஸ்சார்ஜ் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வரவும்." செந்தூல் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு பாட்டி இதை எப்படிப் படிப்பார்? "இன்னிக்குத்தானே டிஸ்சார்ஜ் ஆனேன், அதுக்குள்ள எதுக்கு மறுபடியும் வரச் சொல்றாங்க?" என்றுதான் கேட்பார். ஆங்கிலத்தில் டிஸ்சார்ஜ் என்றால் வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு, புண் வடிவதும் உண்டு. ஆங்கிலத் தாள் சொன்னது தையல் போட்ட இடத்தில் சீழ் வடிவதை. தமிழ்த் தாள் அதைச் சொல்லவே இல்லை. எழுத்து மட்டும் தமிழாகியிருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் ஏழை மொழி அல்ல. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறது, நம்மிடம் இடத்துக்கு ஒரு சொல் இருக்கிறது. புண்ணில் வருவது சீழ், அல்லது வெறும் நீர். கண்ணில் வருவது பீளை. பெண்களுக்கு வருவது வெள்ளைப்படுதல். காதில் வந்தால் காது வடிகிறது என்போம். எந்த உறுப்பைப் பற்றிய தாள் என்று பார்த்தால் சொல் தானாக வந்துவிடும். நிறமும் வாடையும் மாறினால் ஆபத்து என்று மருத்துவர் சொல்ல வருகிறார் என்றால், "மஞ்சளாகவோ பச்சையாகவோ, கெட்ட வாடையோடு சீழ் வந்தால்" என்று விரித்தே எழுதுங்கள். தாளில் இடம் இருக்கிறது.

அதே மருத்துவமனையில் ஏ.ஓ.ஆர். டிஸ்சார்ஜ் என்று இன்னொன்று உண்டு. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியும் நோயாளி தன் சொந்தப் பொறுப்பில் கிளம்புவது, அதற்கு ஒரு கையெழுத்து. குடும்பத்தாரிடம் "டிஸ்சார்ஜ் பாரம்" என்று மட்டும் சொன்னால், மருத்துவரே அனுப்பி வைப்பதாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். "மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக, சொந்தப் பொறுப்பில் வெளியேறுகிறேன்" என்பது நீளம்தான். நீளமாகவே இருக்கட்டும்.

டிஸ்சார்ஜ் இவ்வளவு என்றால் அதன் தாய்ச் சொல்லான சார்ஜ் இன்னும் பெரிய கூட்டுக்குடும்பம். லத்தீனில் கார்ருஸ் என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைச் சொன்ன வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆனது. கப்பலில் ஏற்றும் கார்கோவும் நாம் ஓட்டும் காரும் இதே வேரில் வந்தவை. ஆக, அடிப்படைப் பொருள் சுமை. ஒருவன் தலையில் பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு, வாங்குகிறவன்மேல் பணத்தை ஏற்றினால் கட்டணம், ஒரு வேலையை ஏற்றினால் பொறுப்பு, நிலத்தின்மேல் கடனை ஏற்றினால் பிணையம், பேட்டரியில் ஏற்றினால் மின்னேற்றம், துப்பாக்கிக் குழாயில் கெட்டித்தால் மருந்து. டிஸ்சார்ஜ் என்பது சுமை இறக்குவது. நமக்கு இது புதிதும் அல்ல: நாமும் குற்றத்தைச் சுமத்துகிறோம், வரியைச் சுமத்துகிறோம். பொறுப்பு என்ற சொல்லிலேயே பொறுத்தல், அதாவது தாங்குதல், இருக்கிறது. காளை பாய்ந்து முட்ட வருவதையும் ஆங்கிலத்தில் சார்ஜ் என்பார்கள். அது மட்டும் குடும்பத்தில் கொஞ்சம் விலகி நிற்கும் பிள்ளை.

அதனால் அகராதியைப் பிரிக்குமுன் ஒன்று கேளுங்கள்: யார், எதை, எதன்மேல் ஏற்றுகிறார்? ஆங்கில வாக்கியத்தில் பின்னால் வரும் சின்னச் சொல்லும் காட்டிக்கொடுக்கும். "வித்" வந்தால் பெரும்பாலும் குற்றம், "ஃபார்" வந்தால் பணம், "டூ" வந்தால் யார் கணக்கில் எழுதுவது என்ற பேச்சு, "அட்" வந்தால் பாய்ச்சல். முன்னால் "இன்" வந்தால் பொறுப்பு. மாவட்டப் போலீஸ் தலைவரைக் குறிக்கும் ஓ.சி.பி.டி. என்ற சுருக்கத்தில் இருக்கும் "சி" இந்தப் பொறுப்புதான்.

நீதிமன்றச் செய்தியில் கை அதிகம் வழுக்குகிறது. வரிசையைப் பாருங்கள். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் வைத்திருக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின்கீழ் போலீஸ் தடுப்புக்காவல் கேட்கும். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்றால் முதல் தடவை அதிகம் போனால் 4 நாள், இரண்டாம் தடவை 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 7 நாள், மறுபடியும் 7 நாள். இந்த நாள்கள் முழுவதும் அவர்மேல் சார்ஜ் என்று ஒன்று கிடையாது. "தண்டனைச் சட்டம் 420-இன்கீழ் விசாரிக்கப்படுகிறது" என்பதும் விசாரணை மட்டுமே. அப்படியிருக்க, "குற்றஞ்சாட்டப்பட்டு 4 நாள் தடுத்து வைக்கப்பட்டார்" என்று எழுதினால் பின்னால் நடக்க வேண்டியதை, நடக்காமலும் போகக்கூடியதை, முன்கூட்டியே நடத்திவிடுகிறோம்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் முடிவு செய்து, ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தி, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த நாள், எந்த இடம், யாருக்கு எதிராக என்ற விவரங்களோடு எழுதியதை அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டும் நேரம்தான் சார்ஜ். கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் உரைபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி "புரிகிறதா?" என்று கேட்பார். ஒப்புக்கொள்கிறாரா, மறுத்து விசாரணை கோருகிறாரா என்பது அதற்குப் பிறகு. அந்த நேரத்திலும் அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர்தான், குற்றவாளி அல்ல. தலைப்பில் இடம் பத்தவில்லை என்று "குற்றவாளி" போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "குற்றப்பத்திரிகை தாக்கல்" என்ற சொற்றொடரும் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்தியிலிருந்து இங்கே குடியேறியிருக்கிறது. அங்கே போலீஸ் புலன்விசாரணை முடித்து நீதிமன்றத்தில் கொடுக்கும் அறிக்கைக்கு அந்தப் பெயர். அதன் பிறகுதான் நீதிமன்றம் குற்றச்சாட்டை வனையும். நம் நடைமுறை வேறு. இங்கே "குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது" என்பதே போதும்.

டி.என்.ஏ.ஏ. செய்திக்கு வருவோம், அதாவது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு இல்லாமல் வழக்கிலிருந்து டிஸ்சார்ஜ் ஆவது. எங்களுக்கு மிகுந்த ஆதங்கம் இதில்தான். அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 254-ஆவது பிரிவின்கீழ், அரசுத் தரப்பு வழக்கை மேலே நடத்தப்போவதில்லை என்று சொல்லும்போது நீதிமன்றம் ஆளை டிஸ்சார்ஜ் செய்யும். ஆனால் நீதிமன்றமே அப்படி உத்தரவிட்டாலொழிய அது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு ஆகாது. அதே குற்றத்துக்காக மறுபடியும் அவரை நிறுத்தலாம். மலாய் இதை எவ்வளவு அழகாகப் பிரித்திருக்கிறது பாருங்கள்: "டிலெபாஸ்கான் தன்பா டிபெபாஸ்கான்", அதாவது விடுவிக்கப்பட்டார், விடுதலையாகவில்லை. முழு விடுதலை என்றால் "டிலெபாஸ்கான் டான் டிபெபாஸ்கான்". நம் ஏடுகளில் இரண்டுக்கும் "விடுதலை" என்று ஒரே சொல்லைப் போட்டால், உறவுக்காரர்கள் பிரசாதம் கொடுத்துக் கொண்டாடிவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடியும் நீதிமன்றப் படியேற வேண்டி வரலாம். எங்கள் பரிந்துரை: வெறும் டிஸ்சார்ஜுக்கு "விடுவிப்பு", குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகும் அக்விட்டலுக்கு "விடுதலை". முதல் வகை வந்தால் "வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்; குற்றமற்றவர் எனத் தீர்ப்பாகவில்லை" என்று அந்த இரண்டாம் பாதியையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

அடுத்து நிலம். வீட்டுக்கடன் வாங்கினால் வங்கி அந்த நிலத்தின்மேல் போடுவது சார்ஜ். மலாயில் காடாயான். காடாய் என்ற சொல் அடகுக்கடைப் பலகையிலும் இருப்பதால் தமிழில் எல்லாரும் "அடகு" என்று எழுதுகிறார்கள். பேச்சில் சரி, வங்கிக் கடிதத்தின் தமிழாக்கத்தில் சரியில்லை. நகையை அடகு வைத்தால் நகை கடைக்காரன் பெட்டிக்குள் போய்விடும். தேசிய நிலச் சட்டத்தின்படி 16ஏ படிவத்தில் பதியப்படும் சார்ஜில் நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும். நம்மவர் கிராண்டு என்று சொல்லும் பட்டாவின் அசல் தாள் வங்கியிடம் இருக்கும், அவ்வளவுதான். தவணை தவறினால் வங்கி நினைத்த மாத்திரத்தில் விற்கவும் முடியாது. தவறு குறைந்தது ஒரு மாதமோ, பிணையப் பத்திரத்தில் குறித்த வேறு காலமோ நீடித்திருக்க வேண்டும், 16டி அறிவிக்கை கொடுத்து அதைச் சரிசெய்ய அவகாசம் தர வேண்டும், அதன் பிறகு பட்டாவின் வகையைப் பொறுத்து உயர்நீதிமன்றத்திலோ மாவட்ட நில அலுவலகத்திலோ விற்பனை ஆணை வாங்க வேண்டும். "உங்கள் வீடு அடகில் மூழ்கிவிட்டது" என்று 16டி-யை ஒருவர் தமிழில் விளக்கினால், கடன் வாங்கியவர் கையிலிருக்கும் அவகாசத்தைப் பயன்படுத்தாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். "நிலப் பிணையம்" என்று எழுதலாம். சும்மா "பிணை" என்றால் ஜாமீனோடு குழம்பும்.

கடன் முடிந்தால் இந்தச் சுமையையும் இறக்க வேண்டும். இங்கேயும் சொல் டிஸ்சார்ஜ், படிவம் 16என். கடைசித் தவணை கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஏராளம். 16என் பதியப்படும்வரை பட்டாவில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். விற்கப் போகும்போதோ, அப்பா இறந்து பிள்ளைகள் பெயருக்கு மாற்றும்போதோ அது கழுத்தைப் பிடிக்கும். தனிப்பட்டா இன்னும் வராத அடுக்குமாடி வீடுகளில் 16ஏ-யும் கிடையாது, 16என்-னும் கிடையாது. அங்கே உரிமை மாற்று ஒப்பந்தம், முடிவில் மறுமாற்று ஒப்பந்தம். அதையும் "சார்ஜ்" என்றே எழுதி வைத்தால், மனிதர் நில அலுவலகத்தில் இல்லாத படிவத்தைக் கேட்டு நிற்பார். நிறுவனக் கடனில், மாறிக்கொண்டே இருக்கும் சொத்துகள்மேல் போடும் பிணையமான ஃபுளோட்டிங் சார்ஜை "மிதக்கும் கட்டணம்" என்று மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறோம்.

சாப்பாட்டுக் கடை பில்லில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும். சர்வீஸ் சார்ஜ், பெரும்பாலும் 10 விழுக்காடு, கடை தானே வைத்துக்கொள்ளும் கட்டணம். சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது. 2024 மார்ச் 1 முதல் பல சேவைகளுக்கு அது 8 விழுக்காடு ஆனபோதும் உணவுக்கும் பானத்துக்கும் 6-இலேயே நின்றது. 12 மாத விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாமல், தானாக வரிக்குப் பதிவும் செய்யாத கடை அந்த வரியை வாங்கவே கூடாது. "சேவைக் கட்டண வரி" என்று யாரோ இரண்டையும் ஒட்டவைத்த சொல்லை ஏடுகளில் பார்க்கிறோம். அப்படி ஒரு வரி இந்த நாட்டில் இல்லை.

மின்சார வாகனத்துக்கு மின்னேற்றும் இடங்களில் சார்ஜுக்கே சார்ஜ் வாங்குகிறார்கள். ஏற்றுவதற்கு மின்னேற்றம், வாங்குவதற்குக் கட்டணம் என்று பிரித்தால் தீர்ந்தது. அதைவிடப் பெரிய பிழை கிலோவாட்டையும் கிலோவாட் மணியையும் ஒன்றாக்குவது. முன்னது வேகம், பின்னது அளவு. 60 கிலோவாட் மணி பேட்டரியை 20 விழுக்காட்டிலிருந்து 80-க்குக் கொண்டுபோக 36 கிலோவாட் மணி வேண்டும். 7 கிலோவாட் முனையில் 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். விலையை எதன் கணக்கில் சொல்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். நிமிடக் கணக்கில் வாங்குகிற இடமும் உண்டு.

வேலை விளம்பரத்தில் "சார்ஜ்மேன் தேவை" என்று வருவது பேட்டரிக்கு மின்னேற்றுகிற ஆள் அல்ல. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்று, ஒரு கட்டடத்தின் மின்அமைப்புக்குப் பொறுப்பேற்கிறவர். மலாயில் "பென்ஜாகா ஜென்தெரா எலெக்ட்ரிக்". சான்றிதழ் நிலைகளில் ஏ0, ஏ4 தாழ்மின்னழுத்தத்துக்கு, பி0 உயர்மின்னழுத்தத்துக்கு. "மின்அமைப்புப் பொறுப்பாளர்" என்று போட்டு, அடுத்தே சான்றிதழ் நிலையையும் குறிப்பிடுங்கள். நிலையைச் சொல்லாத விளம்பரத்தால் தகுதியில்லாதவரும் விண்ணப்பிப்பார், தகுதியுள்ளவர் தனக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

போனுக்குச் சார்ஜ் போடுவதை விட்டுவிடுங்கள். அது தமிழாகிவிட்டது, அதில் யாருக்கும் நஷ்டமில்லை. உடம்பு, சிறை, வீடு, பணம் என்ற நான்கில் ஒன்று அந்த வரியில் இருந்தால் மட்டும் சார்ஜையும் டிஸ்சார்ஜையும் தமிழ் எழுத்தில் போட்டு நகர்ந்துவிடாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டு வாசகர் போய் நிற்கப்போவது மலாய் பேசும் முகப்பில். அங்கே பணத்துக்குச் சாஜ், மின்னேற்றத்துக்குச் சாஸ், கோர்ட்டுக்குப் பெர்துடுஹான், நிலத்துக்குக் காடாயான். ஒவ்வொரு அறிவிப்பிலும் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் மலாய்ச் சொல்லையும், படிவம் இருந்தால் அதன் எண்ணையும் தமிழ் எழுத்திலேயே போட்டுவிடுங்கள். "காடாயான், படிவம் 16ஏ" என்று வாசித்துக் கேட்க முடிந்தால் அவர் ஒரே நடையில் வேலையை முடித்துக்கொண்டு வருவார்.

அன்புடன்,
கோலாலம்பூரில் மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் செய்யும் சிலர்