2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, ஊரவர்களே, வணக்கம்.

வாசிகசாலைக் கூரைக்குப் புதிய தகடு போட்டாயிற்று. விளையாட்டு விழா மழையால் ஒரு கிழமை தள்ளிப்போய் நடந்தது. மற்ற விபரங்கள் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கின்றன. நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது சித்திரவதை பற்றி யூன் 26ஆம் திகதி நடத்திய கூட்டத்தைப் பற்றி.

அதற்குக் காரணம் தண்ணீர் மோட்டர். மாசி மாதம் எங்கள் சனசமூக நிலையத்துக் கிணற்றடியில் இருந்த மோட்டர் களவு போனது. அன்று பின்னேரமே ஒரு பெடியனைச் சந்தேகத்தில் பிடித்து வாசிகசாலை வாங்கில் இருத்திவிட்டார்கள். "பொலிசிட்டக் குடுங்கோ, நாலு போட்டால் கக்குவான்" என்றார் ஒருவர். "அடியாத மாடு படியாது" என்றார் இன்னொருவர். நானும் வாய் திறக்காமல்தான் நின்றேன்; அதை எழுதாமல் விட்டால் இது பொய்யறிக்கை. பெடியன் வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான், விரல்கள் வெளுத்துப்போய் இருந்தன. அவனுடைய பெரியம்மா வந்து, ஒரு சொல்லும் பேசாமல் பக்கத்தில் இருந்த பிறகுதான் சனம் கலைந்தது.

யூன் 26 சித்திரவதைக்கு ஆளானோருக்கு ஆதரவான சர்வதேச தினம். அன்று வந்து பேசிய சட்டத்தரணி, 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்கு 7 முதல் 10 வருடம் வரை சிறை என்றார். அப்படியென்றால் அடி ஏன் நிற்கவில்லை என்று ஒரு அம்மா கேட்டா. அவர் சொன்ன பதில் இது: பொலிசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. ஆனால் அதை வைத்துப் பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்தளவுக்குச் செல்லும். கைரேகை, சாட்சி என்று அலைவதை விட அடி சுருக்கு வழியாகிவிடுகிறது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே செல்லும் என்றும் சொன்னார். எங்கள் ஊரில் அதை விளக்கத் தேவையிருக்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையோடு சேர்ந்த, 2017இல் இலங்கை ஏற்ற நெறிமுறையின் கீழ், தடுத்துவைக்கும் இடங்களுக்கு மனித உரிமைகள் ஆணைக்குழு சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கலாம். அப்படி அடிக்கடி போனால்தான் அடிக்கிறவர்களுக்குப் பயம் வரும் என்பது என் அபிப்பிராயம்.

அறிவித்தல் பலகையில் மூன்று விடயம் எழுதி ஒட்டினோம்: ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கம், காயம் இருந்தால் நீதவானிடம் வாய்விட்டுச் சொல்லிச் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேட்பது, அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை என்பது. முதல் ஒட்டியது மழையில் கரைந்துவிட்டது. இப்போது கண்ணாடிக்குள் இருக்கிறது.

முன்பள்ளியில் மணிக்கூட்டுக்குக் கீழே தொங்கிய பூவரசங்கம்பை ரீச்சர் தானாகவே எடுத்துவிட்டா. அடுத்த கிழமை ஒரு தகப்பன் வந்து, "கண்ணை மட்டும் விட்டிட்டுத் தோலை உரியுங்கோ எண்டு நான்தானே சொன்னனான்" என்று சண்டை. அவருடன் இன்னும் பேசி முடியவில்லை.

மோட்டர் கிடைக்கவில்லை. பெடியனும் அதன்பிறகு வாசிகசாலைப் பக்கம் வரவில்லை. அவன் எடுத்துப்போன புத்தகத்துக்குத் தண்டப்பணம் கேட்பதில்லை என்று நிர்வாகசபை தீர்மானித்திருக்கிறது. புதிய மோட்டரின் விலையைப் பொருளாளர் தன் கணக்கறிக்கையில் வாசிப்பார்.

செயலாளர்